பொட்டல்விளாகம் சபை சிம்பொனிக்குப் போன கதை

பொட்டல்விளாகத்து ஆட்களைப் புத்தி கெட்டவர்கள் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். கெட்டுப்போக முதலில் அது இருந்திருக்க வேண்டுமே!

அந்த ஊரில் ஒரு சங்கீத சபை உண்டு. தலைவர் ஆவுடையப்பன், துணைத் தலைவர் மாடக்கண்ணு, செயலாளர் குற்றாலிங்கம், இணைச் செயலாளர் சொரிமுத்து. உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது. புதிதாக யாராவது சேர வேண்டுமென்றால் ஒரு பதவி காலியாக வேண்டும் என்று விதி எழுதி வைத்திருந்தார்கள். நாலு பேரும் கல்லுக்குண்டு மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார்கள், அப்புறம் எங்கே காலியாக?

சபைக்கு மண்டபம் இல்லை. வருஷத்துக்கு ஒரு கச்சேரி, அதுவும் வெங்காயக் கிட்டங்கியில். சுற்றிலும் மூட்டை, நடுவில் பாட்டு. வித்வான் வாயைத் திறந்ததுமே சபை மொத்தமும் பொலபொலவென்று கண்ணீர் விடும். முதல் பத்து நிமிஷம் அவருக்குப் புல்லரிக்கும், நம்ம பாட்டுக்கு ஊரே உருகுகிறதே என்று. பதினோராவது நிமிஷம் அவர் கண்ணும் எரியும். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு பாதியில் எழுந்து போய்விடுவார். கைதட்டு வாங்கி முடிந்த கச்சேரி என்று ஒன்று சபையின் சரித்திரத்திலேயே இல்லை. எல்லார் கையும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது எந்தக் கையால் தட்டுவது?

ஆவுடையப்பனுக்கு இதுதான் மனக்குறை. கண்ணை மூடுவதற்குள் ஊருக்கு ஒரு மண்டபம் வர வேண்டும், அதில் ஒரே ஒரு கச்சேரி முழுசாக நடக்க வேண்டும், முடிவில் சபை கூடிக் கைதட்ட வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது. சாம்பாரில் வெங்காயம் கிடந்தால்கூடப் பொறுக்கி எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிடுவார். அவ்வளவு ஆத்திரம் அதன்மேல்.

இப்படி இருக்கையில்தான் சென்னையிலிருந்து திரவியம் முதலாளியின் போன் வந்தது. திரவியம் பொட்டல்விளாகத்தில் பிறந்து, பட்டணம் போய், பம்புசெட் வியாபாரத்தில் பெரிய ஆளானவர். ஆள் பெரிசானதும் மேல்நாட்டு சங்கீதத்தின் மேல் பக்தி வந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து எண்பது பேர் கொண்ட ஒரு சிம்பொனிக் குழுவையே வரவழைத்துவிட்டார். அரங்கம் நிறைந்துவிட்டது, முதல் வரிசை தவிர. அதைப் பெரிய மனிதர்களுக்கென்று இலவசமாக ஒதுக்கியிருந்தார். இலவசமாகச் சீட்டு வாங்கின பெரிய மனிதர் எவர் கச்சேரிக்கு வந்திருக்கிறார்?

"முதல் வரிசை காலியா கிடந்தா டிவியில அசிங்கமா தெரியும், ஆவுடையப்பன். நீங்க நாலு பேரும் நடுவுல உக்காந்தாப் போதும், அவன் நடுவைத்தான் காட்டுவான். ரெண்டு மணி நேரம் மரியாதையா இருந்துட்டீங்கன்னா ஊருக்கு மண்டபம் நான் கட்டித் தாரேன். ஆனா ஒண்ணு. ஒங்களைப் பாத்து எவனாவது ஒருத்தன் சிரிச்சான்னு வையுங்க, மண்டபத்தை மறந்துருங்க."

ஆவுடையப்பன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மண்டபம்! வெங்காயம் இல்லாத மண்டபம்!

அடுத்து முதலாளியின் மேனேஜர் டைட்டஸ் போனை வாங்கி, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். குற்றாலிங்கம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கறுப்பு உடுப்பில் வர வேண்டும். உள்ளே இருமக் கூடாது, இருமுவதையெல்லாம் வெளியிலேயே இருமிவிட்டு வர வேண்டும். தன் தொடையில் தாளம் போடக் கூடாது.

"எல்லாத்தையும் விட முக்கியம் கைதட்டுறது. அந்தப் பாட்டு நடுவுல நடுவுல நிக்கும், முடிஞ்ச மாதிரியே இருக்கும், முடிஞ்சிருக்காது. அவசரப்பட்டுத் தட்டினா மானம் போயிரும். சந்தேகம் வந்தா முன்னால இருக்கிறவங்களைப் பாருங்க. அவங்க என்ன செய்யுறாங்களோ அதையே செய்யுங்க. தப்பே வராது. நான் பத்து வருஷமா அப்படித்தான் சமாளிச்சுக்கிட்டு வர்றேன்" என்றார் டைட்டஸ்.

கறுப்பு உடுப்புக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. சபரிமலைக்குப் போகிற கறுப்பு வேட்டியும் கறுப்புத் துண்டும் நாலு பேர் பெட்டியிலும் இருந்தன. ஆனி மாத வெயிலில் நாலு கறுப்பு வேட்டிகளும் ரயில் ஏறின. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டார்.

"ஆனி மாசத்துல மலையா, சாமி?"

"மலை இல்லை, சிம்பொனி" என்றார் ஆவுடையப்பன்.

"அந்தக் கோயில் எந்தப் பக்கம் இருக்கு?"

"தெரியலை. இப்பத்தான் முதல் தடவை போறோம்."

"கன்னிச்சாமி" என்று பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அரங்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வரவேற்புக் கூடத்தில் குளிர்ச்சியான பளிங்குத் தரை. குற்றாலிங்கம் நோட்டைப் பிரித்தார்.

"முதல்ல இருமணும்."

"எனக்கு இப்ப இருமல் வரலியேவே" என்றார் மாடக்கண்ணு.

"இப்ப வராட்டா உள்ள போனப்புறம் வரும். மண்டபம் வேணுமா வேண்டாமா? இருமும்."

நாலு பேரும் ஒரு தூணைச் சுற்றி நின்று இரண்டு மணி நேரத்துக்கு வேண்டிய இருமலை முன்கூட்டியே இருமினார்கள். வந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பட்டுப் புடவை கட்டின ஓர் அம்மாள் தன் கணவரிடம், "ஏங்க, தொண்டையைச் சுத்தம் பண்ணிக்கிறாங்க. வெளிநாட்டுல எல்லாம் கச்சேரிக்கு முன்னால இப்படித்தானாம்" என்று கிசுகிசுத்தார். கணவர் பல் டாக்டர். படித்தவர். அவரும் கைக்குட்டையை வாயில் வைத்து நாசூக்காக ஐந்தாறு தடவை இருமினார். அதைப் பார்த்து ஒரு கல்லூரி முதல்வர் இருமினார். மணி அடிப்பதற்குள் அந்தக் கூடம் காசநோய் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ஆவுடையப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மண்டபத்துக்கு வாசக்கால் வைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே போய் முதல் வரிசையின் நடுவில் உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் குடும்பம் நேர் பின்னால். மேடையில் எண்பது பேரும் வாத்தியங்களைச் சுருதி சேர்த்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதுமே சொரிமுத்துவின் கை பழக்க தோஷத்தில் தொடைக்குப் போயிற்று.

"நோட்டுல என்ன இருக்கு? தன் தொடையில போடக் கூடாது" என்றார் குற்றாலிங்கம்.

சொரிமுத்து யோசித்தார். பிறகு மாடக்கண்ணுவின் தொடையில் போட்டார். விதிப்படி அதில் ஒரு குற்றமும் இல்லாததால் மாடக்கண்ணுவும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஆவுடையப்பனுக்குச் சுரீர் என்றது.

"ஏய், முன்னால இருக்கிறவங்களைப் பாத்துத்தானே செய்யணும்? நமக்கு முன்னால யாருமே இல்லையேவே!"

"எண்பது பேரு உக்காந்திருக்கானே, அண்ணாச்சி" என்றார் சொரிமுத்து.

"அவனெல்லாம் வாசிக்க வந்தவன். அவன் செய்யுறதைச் செய்யணும்னா ஆளுக்கொரு பிடிலுக்கு எங்க போறது? கேக்க வந்தவன்ல நமக்கு முன்னால யாரு இருக்கா? அதைச் சொல்லும்."

நாலு பேருக்கும் வேர்த்துவிட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் வேர்த்தது. மண்டபம் கண்ணெதிரே இடிந்து விழுவதுபோல் இருந்தது ஆவுடையப்பனுக்கு.

அந்த நேரம் மேடையின் ஓரத்திலிருந்து வெள்ளை முடியும் கறுப்புக் கோட்டுமாக ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். இவர்கள் பக்கம் குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். பிறகு திரும்பி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

குற்றாலிங்கத்தின் முகம் பளிச்சென்றது. சபையிலேயே மூளைக்காரர் என்று பெயர் வாங்கினவர் அவர்.

"இந்தா இருக்காருல்லா! அவரு எங்க பாக்காரு?"

"வாத்தியக்காரங்களைப் பாக்காரு."

"நாம எங்க பாக்கோம்?"

"நாமளும் அங்கதான்."

"அவரு கையில வாத்தியம் எதும் இருக்கா?"

"ஒரு குச்சிதான் இருக்கு."

"குச்சியில சத்தம் வருதா?"

மூன்று பேரும் காதைத் தீட்டிக் கேட்டார்கள். "வரலை."

"அப்ப அவரும் கேக்க வந்த ஆளுதான். கேக்க வந்தவங்களுக்குள்ள ஆக முன்னால இருக்கிறவரு அவருதான்."

மாடக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், வயசான மனுஷன். சீட்டு கிடைக்கலை போல. நம்ம வரிசைதான் காலியா கிடக்கே, கூப்பிடட்டா?"

"சும்மா இரும். அவரு நிக்காரு, பாத்தீரா? எந்திரியும்."

நாலு பேரும் எழுந்து நின்றார்கள். பெரியவர் குச்சியைத் தூக்கினார். குச்சி வேண்டுமே! நல்ல காலம், காலையில் பல் விளக்க ஊரிலிருந்து கொண்டுவந்த வேப்பங்குச்சிக் கட்டு மாடக்கண்ணுவின் மஞ்சள் பையில் இருந்தது. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் கையை வீசினார், நாலு பேரும் வீசினார்கள். பெரியவர் இடது கையை நெஞ்சில் வைத்து உருகினார், நாலு பேரும் உருகினார்கள்.

பின்னால் இருந்த பல் டாக்டருக்கு மேடை மறைத்தது. அவர் எழுந்தார். எழுந்தவர் சும்மா நிற்க வெட்கப்பட்டார். முதல் வரிசை என்றால் லேசுப்பட்டவர்களா? விஷயம் தெரிந்தவர்களாகத்தான் இருக்கும்.

"வேப்பங்குச்சி வச்சிருக்காங்க பாத்தீங்களா? எவ்வளவு இயற்கையா!" என்றார் அவர் மனைவி.

டாக்டர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அம்மாள் விசிறியை எடுத்தார். மூன்றாவது வரிசை கண்ணாடியைக் கழற்றிப் பிடித்தது, நாலாவது வரிசை அழைப்பிதழைச் சுருட்டிக்கொண்டது. எல்லாருக்கும் உள்ளூர ஒரே நிம்மதி. இதுநாள் வரை இந்தச் சங்கீதம் நடக்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அங்கே பாதிப்பேருக்குத் தெரியாது.

வாத்தியக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். நிமிர்ந்து பார்த்தால் ஒரு குச்சி இருக்க வேண்டிய இடத்தில் எழுநூறு குச்சி. பெரிய முரசு வாசித்த ஜெர்மன்காரர் பதறிப்போய், இருப்பதிலேயே உறுதியாக வீசுகிற குச்சியைப் பார்த்து அடிப்போம் என்று முடிவு செய்தார். அது சொரிமுத்துவின் குச்சி. சொரிமுத்து இளவட்டத்தில் அம்மன் கொடைக்கு உறுமி அடித்தவர். தாலாட்டு மாதிரி போக வேண்டிய இரண்டாம் பாகம் சாமியாட்ட அடிக்கு மாறியது. முரசுக்குப் பயந்து மற்ற எழுபத்தொன்பது பேரும் பின்னாலேயே ஓடினார்கள். பன்னிரண்டு நிமிஷப் பாகம் நாலே நிமிஷத்தில் முடிந்தது. பால்கனியில் ஒரு மாமிக்கு அருளே வந்துவிட்டது.

பாட்டு நின்றது. மூச்சு வாங்கப் பெரியவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். நாலு பேரும் கறுப்புத் துண்டால் துடைத்தார்கள். எழுநூறு பேரும் துடைத்தார்கள். ஒருவர்கூடக் கைதட்டவில்லை. கதவோரம் நின்றிருந்த டைட்டஸ், பரவாயில்லையே, சொன்னபடி தட்டாமல் இருக்கிறார்களே என்று முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார்.

அப்போது பெரியவருக்கு முதுகில் ஏதோ உறைத்திருக்க வேண்டும். மெல்லத் திரும்பினார். முதல் வரிசையைப் பார்த்தார். வேப்பங்குச்சியைப் பார்த்தார். முகம் செக்கச் செவேலென்று ஆக, கண்ணை உருட்டி முறைத்தார்.

"திரும்பி முறைக்கணும் போல" என்றார் குற்றாலிங்கம்.

நாலு பேரும் திரும்பி இரண்டாம் வரிசையை முறைத்தார்கள். பல் டாக்டர் ஒரு கணம் தடுமாறிவிட்டு, அவரும் திரும்பி மூன்றாம் வரிசையை முறைத்தார். மூன்றாவது நாலாவதை முறைத்தது. இப்படியே முறைப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய், கடைசி வரிசைக்காரர்கள் எல்லாரும் திரும்பி டைட்டஸை முறைத்தார்கள். டைட்டஸுக்குப் பின்னால் முறைக்க ஆள் கிடையாது. சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையை முறைத்தார்.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி மேடைப் பக்கம் திரும்பினார். மீதி இரண்டு பாகத்தையும் எப்படியோ நடத்தி முடித்தார். முடிந்ததும் சடங்குப்படி திரும்பிக் குனிந்து வணங்கினார். நாலு பேரும் திரும்பி டாக்டரை வணங்கினார்கள். டாக்டர் கல்லூரி முதல்வரை வணங்கினார். எழுநூறு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டதில் கைதட்ட யாருக்கும் நேரம் வரவில்லை.

பெரியவர் மேடையை விட்டுப் போனார். நாலு பேரும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார்கள். பின்னாலேயே மொத்த அரங்கமும் போயிற்று. மேல்நாட்டுப் பழக்கம் என்னவென்றால், போனவர் மறுபடி வந்து ஒரு கும்பிடு போடுவார், போவார், வருவார். பெரியவர் எட்டிப் பார்த்தார், அரங்கம் காலி. அவர் வந்துவிட்டதைக் கதவிடுக்கில் பார்த்த சொரிமுத்து, "அண்ணாச்சி, வந்துட்டாரு!" என்று கத்த, எழுநூறு பேரும் தள்ளுமுள்ளுவாக உள்ளே வந்தார்கள். அவர் பயந்து உள்ளே ஓடினார். எழுநூறு பேரும் வெளியே ஓடினார்கள். மூன்றாம் தடவை அவர் வரவில்லை. ஒப்பனை அறையில் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டார்.

சிரித்தார்களா என்று கேட்டால், ஒரு குஞ்சும் சிரிக்கவில்லை. அடுத்த ஆளும் அதையேதான் செய்துகொண்டிருந்தார், யாரைப் பார்த்து யார் சிரிப்பது? மறுநாள் பத்திரிகை விமர்சகர், ரசிகர்களின் ஈடுபாட்டில் சென்னை உலகத்துக்கே வழிகாட்டிவிட்டது என்று எழுதினார். அந்த முதல் வரிசை மேதைகள் யார் என்று கேட்டுத் திரவியம் முதலாளிக்கு நாற்பது போன் வந்தது. ஆளே பூரித்துப்போனார்.

சொன்ன சொல் தவறவில்லை அவர். எட்டே மாதத்தில் பொட்டல்விளாகத்தில் மண்டபம் எழும்பிவிட்டது. மேடை, இருநூறு நாற்காலி, சுற்றி ஜன்னல், சுற்றுவட்டத்தில் ஒரு வெங்காயம் கிடையாது. சாவியைக் கொடுக்க வந்த டைட்டஸ்தான் ஆவுடையப்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அங்க அவ்வளவு கூத்தும் ஏன் நடந்துச்சு? முதல் வரிசையில உக்காந்ததாலதான். இங்கயாவது முதல் வரிசையில யாரையும் உக்கார விட்டுராதீங்க."

ஆவுடையப்பன் உடனே சபையைக் கூட்டினார். முதல் வரிசை இருந்தால் யாராவது தெரியாத்தனமாக உட்கார்ந்துவிடுவார்கள், அதனால் அதையே எடுத்துவிடுவது என்று தீர்மானம் போட்டு, இருபது நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். திரும்பி உள்ளே வந்த மாடக்கண்ணு அலறிவிட்டார்.

"அண்ணாச்சி! இன்னும் முதல் வரிசை இருக்கே!"

"இப்பத்தானேவே எடுத்தோம்?"

"வந்து பாரும்! வெளிய போயிட்டு வாரதுக்குள்ள இன்னொண்ணு வந்து நிக்கு!"

அதையும் எடுத்தார்கள். மறுபடி ஒன்று வந்து நின்றது. மனம் தளராமல் ராத்திரி சாப்பாட்டு வேளை வரைக்கும் எடுத்தார்கள். கடைசியில் மண்டபத்துக்குள் மேடையைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. இருநூறு நாற்காலியும் வெளியே கிடந்தன. வெளியில் வரிசை போட்டுப் பார்த்தார்கள், அந்தப் பாழாய்ப்போன முதல் வரிசை அங்கேயும் வந்துவிட்டது.

குற்றாலிங்கம்தான் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். மண்டபத்தைச் சுற்றி வட்டமாக, ஒன்றன்பின் ஒன்றாக நாற்காலியைப் போட்டுவிட வேண்டியது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முன்னால் ஒரு முதுகு இருக்கும். முதல் வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. "நீரு எங்கயோ இருக்க வேண்டிய ஆளுவே" என்று ஆவுடையப்பன் அவரைக் கட்டிக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு வயலின் வித்வான் ஒருவரை, சபையைப் பற்றித் தெரியாத தூரத்து ஊரிலிருந்து அழைத்து வந்தார்கள். தெரிந்த ஊரில் வருகிறேன் என்று சொல்ல ஆள் இல்லை. அவர் உள்ளே வெறும் மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து வாசித்தார். ஊர் வெளியே வட்டமாக உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கேட்டது. இரண்டரை மணி நேரம், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வித்வான் எழுந்துபோகவில்லை. மங்களம் வாசித்து வில்லைக் கீழே வைத்தார்.

சபையின் சரித்திரத்தில் முதல் முழுக் கச்சேரி! இனி கைதட்டு ஒன்றுதான் பாக்கி. ஆவுடையப்பன் முன்னால் இருந்த மாடக்கண்ணுவைப் பார்த்தார். மாடக்கண்ணு தனக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்தார். அவர் அவருக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்தார். வட்டத்தில் ஒரு கை அசையவில்லை. உள்ளே வித்வான் வயலினைப் பெட்டியில் வைக்கிற சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் மாடக்கண்ணுவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் இதுவும் வாய்க்கவில்லையே!

அந்த நேரம் பார்த்து அவர் மூக்குக்கு நேரே ஒரு கொசு வந்தது. இரண்டு கையாலும் பட்டென்று அடித்தார்.

அவர் பின்னால் இருந்த குற்றாலிங்கம் அதைப் பார்த்தார், தட்டினார். அவர் பின்னால் சொரிமுத்து தட்டினார். தட்டு அப்படியே பின்னால் பின்னாலேயே போய், கிணற்றடியைத் தாண்டி, மண்டபத்தின் முதுகுப்பக்கம் சுற்றி, வாசலுக்கு வந்து, மாடக்கண்ணுவிடம் வந்து சேர்ந்தது. மாடக்கண்ணு தட்டினார். முன்னால் இருப்பவர் தட்டுகிறார் என்றால் அப்புறம் என்ன யோசனை? ஆவுடையப்பனும் தட்டினார். குற்றாலிங்கம் தட்டினார்.

உள்ளே வித்வான் வயலின் பெட்டியை மூடிவிட்டு, கைதட்டு நின்றதும் கிளம்பலாம் என்று மேடையில் கும்பிட்டபடி நின்றார். நான்கு நாளாக நிற்கிறார்.

ஆவுடையப்பன் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. வெங்காயம் இல்லாமல் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. துடைத்துக்கொள்ளத்தான் கை ஒழியவில்லை.